புரொப்பெல்லர் ஷாஃப்ட் ஜாயின்ட்டுக்கு வீட்டிலேயே கிரீஸ் அடிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என்னிடம் இருப்பது ஜப்பானில் ஓடி முடித்து பர்மாவுக்கு வந்து சேர்ந்த ஹைலக்ஸ் சர்ஃப். மச்சானிடம் இருப்பது அவருடைய அப்பா காலத்து வில்லிஸ் ஜீப். இரண்டையும் மோல்மீனில் எங்கள் வீட்டு முற்றத்தில் போட்டு நாங்களே கிரீஸ் அடிக்கிறோம். கோவில் வாசலிலும் டீக்கடையிலும் பார்க்கிறவர்கள் இதைப் பற்றிக் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்வதை விட எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது.

புரொப்பெல்லர் ஷாஃப்ட் எது? கிரீஸ் எதற்குள் போகிறது?

வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தால் கியர்பாக்ஸ் பக்கமிருந்து பின் ஆக்ஸிலுக்கு ஒரு குழாய் போகும். ஃபோர்வீல் வண்டியில் முன் ஆக்ஸிலுக்கும் ஒன்று போகும். அதுதான் புரொப்பெல்லர் ஷாஃப்ட். ஆக்ஸில் பள்ளத்தில் இறங்கி மேட்டில் ஏறும், கியர்பாக்ஸோ சேஸிஸில் அசையாமல் இருக்கும். இரண்டுக்கும் நடுவில் ஷாஃப்ட் மடங்கவும் வேண்டும், நீளவும் வேண்டும்.

மடங்குவதற்கு இரண்டு முனையிலும் யூனிவர்சல் ஜாயின்ட் இருக்கிறது. கூட்டல் குறி மாதிரி ஒரு இரும்பு, அதன் நாலு கைக்கும் நாலு மூடி. இதைத்தான் கடையில் 'கிராஸ்' என்று கேட்டு வாங்குகிறோம். ஒவ்வொரு மூடிக்குள்ளும் மெல்லிய உருளை ஊசிகள் வட்டமாக அடுக்கியிருக்கும். நீளுவதற்கு ஒரு குழாய்க்குள் இன்னொன்று பல்லோடு பல் சேர்ந்து வழுக்கிப் போகும் இடம் ஒன்று உண்டு, அது ஸ்லிப் யோக். நாம் அடிக்கும் கிரீஸ் இந்த ஊசிகளுக்கும் அந்தப் பற்களுக்கும்தான் போகிறது. அது உள்ளே போகும் குட்டி வாய்தான் நிப்பிள்.

மொத்தம் எத்தனை நிப்பிள்? என் வண்டியில் ஒன்றையும் காணோமே?

பழைய ஃபோர்வீல் வண்டிகளில் பொதுவாக ஆறு: பின் ஷாஃப்ட்டில் இரண்டு கிராஸ், ஒரு ஸ்லிப் யோக், முன் ஷாஃப்ட்டிலும் அதே கணக்கு. நீளமான பிக்கப்பில் பின் ஷாஃப்ட் இரண்டு துண்டாக இருந்தால் கிராஸ் ஒன்று கூடும். நடுவில் ரப்பரில் தொங்கும் சென்டர் பேரிங்குக்கு நாம் கிரீஸ் அடிக்க வேண்டியதில்லை, அது கம்பெனியிலேயே அடைத்து வந்த சாமான். சில மாடல்களில் முன் ஷாஃப்ட்டின் ஒரு முனையில் இரண்டு கிராஸ் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். அந்த இரட்டை ஜாயின்ட்டுக்குள் ஒரு குட்டி நிப்பிள் ஒளிந்திருக்கும். முக்கால்வாசிப் பேர் அதை ஆயுளுக்கும் பார்ப்பதில்லை.

காணோம் என்றால் முதலில் மண்ணைச் சுரண்டிப் பாருங்கள். எங்கள் பக்கத்துச் செம்மண் காய்ந்தால் சிமென்ட் மாதிரி பிடித்துக்கொள்ளும், நிப்பிள் அதற்குள் புதைந்து கிடக்கும். சுரண்டியும் இல்லையென்றால் அது நிப்பிளே இல்லாமல் அடைத்து வந்த கிராஸ். அதற்குக் கிரீஸ் அடிக்க வழியில்லை. தேய்ந்தால் மாற்ற வேண்டியதுதான். மாற்றும்போது நிப்பிள் உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள்.

எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு முறை?

தார் ரோட்டில் மட்டும் போகிற வண்டிக்கு 10,000 கிலோமீட்டர் அல்லது ஆறு மாதம், எது முந்துகிறதோ அது. சேறும் புழுதியுமாக ஓடினால் அதில் பாதி. இது புத்தகக் கணக்கு.

என் கணக்கு வேறு. கிலோமீட்டரை விட தண்ணீரைத்தான் எண்ணுகிறேன். ரங்கூனில் ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை என்றால் மோல்மீனில் 4,500-ஐத் தாண்டும். அதில் முக்கால் பங்குக்கு மேல் மே பாதியிலிருந்து அக்டோபர் வரைக்குள் கொட்டிவிடும். ஷாஃப்ட் முழுகும் அளவுக்கு ஓடையிலோ தெருவில் தேங்கிய தண்ணீரிலோ இறங்கினால் அன்று சாயங்காலமே, தவறினால் மறுநாள் காலையிலேயே அடித்துவிடுவேன். ஓடிச் சூடான ஜாயின்ட் திடீரென்று குளிர்ந்த தண்ணீரில் இறங்கினால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, சீல் வழியே தண்ணீரை உறிஞ்சும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஒரு வாரம் நின்றபின் ஊசிகளில் துரு பூத்திருக்கும்.

மழைக்காலத்தில் மாதம் ஒரு முறை, வெயில் காலத்தில் மூன்று மாதத்துக்கு ஒரு முறை. இதோடு பர்மியர்களின் தண்ணீர்த் திருவிழாவான திங்யான் முடிந்ததும் கட்டாயம் ஒரு முறை. ஏப்ரலில் நாலு நாள் பின்பக்கம் பத்துப் பேரை ஏற்றிக்கொண்டு பந்தல் பந்தலாகப் போய் குழாய்த் தண்ணீரில் நின்ற வண்டி, ஓடையில் இறங்கிய வண்டிக்குக் குறைந்ததல்ல. நமக்குச் சித்திரைப் பிறப்பும் அதே நாட்களில்தான். அன்றைக்கு யாரும் வண்டிக்கு அடியில் படுக்க மாட்டார்கள் என்பது தெரியும். மறுநாளாவது படுங்கள்.

சௌந்தாவுக்கோ ங்வேசவுங்குக்கோ போய் கடற்கரை மணலில் ஓட்டினால், திரும்பியதும் முதல் வேலை நல்ல தண்ணீரில் அடிப்பக்கத்தைக் கழுவுவது, இரண்டாவது கிரீஸ்.

எந்த கிரீஸ் வாங்குவது?

கிராஸுக்கு லித்தியம் கிரீஸ், கெட்டி அளவு என்எல்ஜிஐ 2. டப்பாவில் ஈபி என்று போட்டிருந்தால் இன்னும் நல்லது, பளு தாங்கும். 2 என்பது என்ன பதம் என்று கேட்கிறவர்களுக்கு: இங்கே முகத்தில் பூச அரைக்கும் தனக்கா கட்டையைத் தண்ணீர் அதிகம் விடாமல் அரைத்தால் கல்லில் வழியாமல் நிற்குமே, ஏறக்குறைய அந்தப் பதம்.

ஸ்லிப் யோக்குக்கும் அந்த இரட்டை ஜாயின்ட்டுக்கும் டொயோட்டாவின் பல மாடல் கையேடுகள் மாலிப்டினம் கலந்த லித்தியம் கிரீஸைச் சொல்கின்றன. கறுப்பாக இருக்கும், கடையில் மோலி கிரீஸ் என்றால் தெரியும். முன்னும் பின்னும் வழுக்கும் பற்களுக்கு அது பொருத்தம். ஊசிக்கு அது தேவையில்லை, ஊசி உருள வேண்டும். இரண்டுக்கும் தனித்தனி கிரீஸ் கன் வைத்துக்கொள்ள முடியாது என்றால் எல்லாவற்றுக்கும் சாதாரண லித்தியம் அடியுங்கள். ஒன்றும் அடிக்காமல் விடுவதற்கு அது எவ்வளவோ மேல்.

தகர டின்னிலிருந்து அள்ளி எடை போட்டுக் கொடுக்கும் மஞ்சள் கிரீஸை நான் வாங்குவதில்லை. பெரும்பாலும் அது பழைய கால்சியம் கிரீஸாக இருக்கும். தண்ணீருக்கு நன்றாகத் தாங்கும், சூட்டுக்குத் தாங்காது, இளகி ஓடிவிடும். மாட்டு வண்டி அச்சுக்குப் போதும். (எடை என்றதும் ஞாபகம்: இங்கே இன்னும் புழங்கும் வீசை, நம்ம ஊரிலிருந்து வந்த அதே வீசைதான். அளவு மட்டும் கொஞ்சம் கூடுதல், ஏறக்குறைய 1.6 கிலோ.)

பழைய கிரீஸ் என்னவென்று தெரியாது. அதன் மேலேயே புதியதை அடிக்கலாமா?

கலரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். நீலமோ சிவப்போ, கம்பெனி போடும் சாயம் அது. லித்தியத்தோடு லித்தியம் சேரும். களிமண் அடிப்படையில் செய்த கிரீஸோடு சேர்ந்தால் இரண்டும் கெட்டு நீர்த்துப்போகலாம். தெரியாதபோது செய்யக்கூடியது ஒன்றுதான். பழையது முழுக்க வெளியே வந்து புதியதன் நிறம் தெரியும்வரை அடியுங்கள். ஒரு வாரம் ஓட்டிவிட்டு மறுபடி ஒரு முறை அடியுங்கள்.

கிரீஸ் கன் எப்படிப்பட்டது? காற்று கம்ப்ரஸர் வேண்டுமா?

வேண்டாம். கையால் அமுக்கும் சாதாரண கன் போதும். கரண்ட் இருக்கும் நேரம் பார்த்துக் காத்திருக்கவும் வேண்டாம். தவிர, கையில்தான் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியும். இளகி ஏறுகிறதா, எதிலோ முட்டி நிற்கிறதா என்று உள்ளங்கை சொல்லும்.

வளையும் ஹோஸ் ஒன்று, ஒடுக்கமான வாய் ஒன்று, ஊசி முனை ஒன்று வாங்குங்கள். டொயோட்டா கிராஸில் நிப்பிள் பள்ளத்துக்குள் இருக்கும், தடித்த வாய் உட்காராது. இரட்டை ஜாயின்ட்டின் குட்டி நிப்பிளுக்கு ஊசி முனைதான் எட்டும்.

400 கிராம் குழலைப் போட்டதும் முதல் சில அமுக்கில் காற்றுதான் வரும். தலையைக் கொஞ்சம் தளர்த்தி, காற்றை விட்டு, கிரீஸ் தெரிந்ததும் முறுக்குங்கள். ஒரு முழு அமுக்குக்கு ஏறக்குறைய 1 கிராம் இறங்கும்.

ஒரு எச்சரிக்கை. கையால் அமுக்கினாலும் முனையில் வரும் அழுத்தம் பயங்கரமானது. வருகிறதா என்று விரலை வைத்துப் பார்க்காதீர்கள். கிழிந்த ஹோஸை விரலால் பொத்தவும் வேண்டாம். தோலைத் துளைத்து கிரீஸ் உள்ளே போனால் வெளியே ஊசி குத்திய புள்ளி மட்டும்தான் தெரியும், வலியும் முதலில் அவ்வளவாக இருக்காது. அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய காயம் அது. நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டால் விரலே போகும்.

வண்டியைத் தூக்க வேண்டுமா?

ஃபோர்வீல் வண்டியில் மனிதன் நுழைய இடம் இருக்கிறது, எதற்குத் தூக்க வேண்டும்? சமதளத்தில் நிறுத்தி, கியரில் போட்டு, ஹேண்ட்பிரேக் இழுத்து, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்துவிட்டுப் படுக்கலாம். சைலன்சர் ஆறியபிறகு.

வில்லிஸ் வைத்திருப்பவர்கள் இதைக் கொஞ்சம் நின்று படியுங்கள். அந்த ஜீப்பில் ஹேண்ட்பிரேக் சக்கரத்தில் இல்லை, டிரான்ஸ்ஃபர் கேஸின் (முன், பின் ஷாஃப்ட்டுகளுக்கு ஓட்டத்தைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) பின்னால் ஷாஃப்ட் தொடங்கும் இடத்தில் இருக்கிறது. பழைய லேண்ட் க்ரூஸர்கள் பலவற்றிலும் அப்படித்தான். அது ஷாஃப்ட்டைத்தான் பிடிக்கிறது. பின் சக்கரம் ஒன்றை மட்டும் ஜாக்கியில் தூக்கினால் தூக்கிய சக்கரம் ஒரு பக்கம் சுற்ற, தரையில் இருக்கும் சக்கரம் மறுபக்கம் உருளும். ஷாஃப்ட் அசையாமல் நிற்கும், ஹேண்ட்பிரேக் தன் வேலையைச் சரியாகச் செய்துகொண்டிருக்கும், வண்டி மட்டும் நகரும். கியரில் போட்டிருந்தாலும் இதே கதி. பின் ஷாஃப்ட்டைக் கழற்றினாலோ அந்த பிரேக்குக்குப் பிடிக்க ஒன்றுமே இல்லை. மச்சானின் ஜீப் இப்படி முற்றத்திலிருந்து ஒரு முழம் உருண்டு, வாசலில் இருந்த துளசி மாடத்தில் போய் நின்றது. அப்போது அடியில் யாரும் இல்லை. ஜாக்கியை இறக்கப் போனவர் டீ குடிக்க எழுந்து போயிருந்தார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் தேக்குக் கட்டை நாலு செதுக்கி வைத்திருக்கிறோம், நாலு சக்கரத்துக்கும்.

முதலிலிருந்து செய்முறை சொல்லுங்கள்.

பழைய பல் துலக்கும் பிரஷ், டீசலில் நனைத்த துணி, காய்ந்த துணி, கன், கீழே விரிக்க அரிசிச் சாக்கு. டார்ச் லைட்டை நெற்றியில் கட்டிக்கொண்டால் இரண்டு கையும் உங்களுக்கு.

நிப்பிளைத் துடைப்பதுதான் வேலையில் பாதி. அதன் உச்சியில் ஒரு மணல் இருந்தால் முதல் அமுக்கில் அது நேராக ஊசிகளுக்கு நடுவில் போய் உட்காரும். அப்படி அடிப்பதற்கு அடிக்காமலே இருந்திருக்கலாம். நாலு மூடியின் ஓரத்தையும் துடையுங்கள். பழையது எங்கிருந்து வருகிறது, எங்கிருந்து வரவில்லை என்று பார்க்க வேண்டும் அல்லவா?

வாயை நேராக வைத்து அழுத்தினால் 'டக்' என்று உட்காரும். மெதுவாக அமுக்குங்கள். ஒரு அமுக்கு, ஒரு பார்வை. முதலில் கறுப்போ பழுப்போ வரும். தண்ணீர் புகுந்திருந்தால் டீக்கடைப் பால் டீ நிறத்தில் வரும். பிறகு உங்கள் புதுக் கிரீஸின் நிறம். நாலு மூடியிலும் புதிய நிறம் ஒரு நூல் அளவு தெரிந்ததும் நிறுத்துங்கள். வழிந்ததைத் துடைத்துவிடுங்கள், விட்டால் புழுதியைச் சேர்த்துப் பசையாக்கி வைக்கும்.

நிப்பிள் மேல் பக்கமாக இருந்து கை எட்டவில்லையென்றால் ஷாஃப்ட்டைச் சுழற்ற வேண்டும். முன் ஷாஃப்ட், ஃப்ரீ ஹப் (முன் சக்கரத்தை ஆக்ஸிலோடு சேர்க்கும் பூட்டு) திறந்திருந்து டூவீலில் இருந்தால் படுத்தபடியே கையால் சுற்றலாம். பின் ஷாஃப்ட்டுக்கு வண்டியைத் தள்ள வேண்டும். சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற ஷாஃப்ட் ஏறக்குறைய நாலு சுற்றுச் சுற்றும். அதனால் ஷாஃப்ட் அரைச் சுற்றுத் திரும்ப வண்டி ஒரு அடி நகர்ந்தால் போதும். நீங்கள் வெளியே வந்தபிறகுதான் யாரும் வண்டியைத் தொட வேண்டும். நகர்ந்ததும் மறுபடி கியர், பிரேக், கட்டை.

மூன்று மூடியில் புதுக் கிரீஸ் வருகிறது, நாலாவதில் வரவில்லை. போதுமா?

போதாது. இதைச் சொல்லத்தான் மற்றதெல்லாம் எழுதினேன் என்றுகூடச் சொல்லலாம்.

கிராஸுக்குள் நாலு கைக்கும் நாலு சிறிய துளை போகிறது. கிரீஸ் சோம்பேறி, எளிதாக உள்ள வழியில்தான் போகும். ஒரு துளையில் பழைய கிரீஸ் காய்ந்து அடைத்துக்கொண்டால் நீங்கள் எத்தனை அமுக்கு அமுக்கினாலும் அத்தனையும் மற்ற மூன்றில் வழிந்துவிடும். அடிக்கிறவருக்குத் திருப்தி, தரையெல்லாம் கிரீஸ். அந்த நாலாவது கை மட்டும் பட்டினி.

என் சர்ஃபில் நடந்தது இதுதான். வாங்கிய முதல் இரண்டு வருஷம் ஒரு பட்டறையில்தான் விட்டுக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு முறையும் 'கிரீஸ் அடிச்சாச்சு' என்பார்கள், அடியில் பார்த்தால் வழிந்தும் இருக்கும். ஒரு ஆடி மாத மழையில் தட்டோனிலிருந்து திரும்பும்போது காலுக்கடியில் ஒரு அதிர்வு. ஆக்ஸிலரேட்டரை விட்டுப் பிடித்தால் 'டங்'. இருபதில் உருட்டிக்கொண்டு வந்து சேர்ந்தேன். மறுநாள் பின் கிராஸைக் கழற்றி, மூடிகளைத் தாம்பாளத்தில் வரிசையாக வைத்தோம். மூன்றில் ஊசிகள் புதிது போலப் பளபளவென்று, கிரீஸில் மூழ்கி. நாலாவதைக் கவிழ்த்தால் செங்கல் பொடி கொட்டியது. ஊசிகள் முழுசாக ஒன்றும் இல்லை, நொய்யரிசி மாதிரி உடைந்து கிடந்தன. அந்தக் கையில் ஊசி உட்கார்ந்த இடமெல்லாம் வரிவரியாகக் குழி. விரலை ஓட்டினால் தேங்காய் துருவியின் பல் தட்டுவது மாதிரி தட்டியது. துளைக்குள் கம்பியை விட்டுக் குத்தியபோது வந்தது கிரீஸ் அல்ல, பழம்புளி மாதிரி ஒரு கட்டி.

அதனால் நாலாவது வாய் திறக்காவிட்டால் விடாதீர்கள். செய்து பார்க்க வேண்டியவை, இதே வரிசையில்:

கன்னை நிப்பிளிலிருந்து எடுக்காமல், அழுத்தம் இருக்கும்போதே இன்னொருவரை ஷாஃப்ட்டைப் பிடித்து அந்த மூடிக்கு எதிர்ப்பக்கமாக நெம்பச் சொல்லுங்கள். மூடிக்குள் மயிரிழை இடம் கிடைத்தாலே சில சமயம் 'புஸ்' என்று வந்துவிடும். பாதிக்கு மேல் இதிலேயே திறக்கும்.

வராவிட்டால் ஷாஃப்ட்டைத் திருப்பி அந்த மூடி வேறு பக்கம் பார்க்கும்படி வைத்து மறுபடி நெம்புங்கள். யோக்கின் (கிராஸைப் பிடித்திருக்கும் கவை) காதை மரச் சுத்தியால் லேசாகத் தட்டலாம். மூடியின் தலையில் தட்டக் கூடாது.

அதற்கும் மசியவில்லையென்றால் பத்துக் கிலோமீட்டர் ஓட்டிச் சூடாக்கிவிட்டு வந்து முயற்சி செய்யுங்கள். கடைசியாக ஃபிளாஞ்சின் (ஷாஃப்ட் முனையைப் பூட்டும் தட்டு) நாலு போல்ட்டையும் எடுத்து, ஷாஃப்ட் முனையை இறக்கி, கிராஸைக் கையால் நாலு பக்கமும் ஆட்டிக்கொண்டே அடிப்பது. அப்போதும் வராத கிராஸை மாற்றிவிடுங்கள். அது நல்லபடியாக ஓடிக்கொண்டிருந்தாலும் சரி.

ஸ்லிப் யோக்குக்கும் வழியும் வரை அடிக்க வேண்டுமா?

கூடாது. கிராஸில் கஞ்சத்தனம் தப்பு, இங்கே தாராளம் தப்பு. உள்ளே குழாய் மூடியிருப்பதால் கிரீஸ் நிரம்பினால் போக இடமிருக்காது. அடுத்த பள்ளத்தில் ஆக்ஸில் மேலே ஏறும்போது ஷாஃப்ட் சுருங்க முடியாமல் டிரான்ஸ்ஃபர் கேஸ் பேரிங்கைப் போய் இடிக்கும். இரண்டு மூன்று அமுக்கு போதும். ஒரு கையை யோக்கின் மேல் வைத்துக்கொண்டு அமுக்குங்கள். ஷாஃப்ட் நீள ஆரம்பிக்கிறது என்று கை உணர்ந்த இடத்தில் நிறுத்துங்கள். தூசிச் சீலின் ஓரத்தில் கொஞ்சம் எட்டிப் பார்த்தாலும் நிறுத்துங்கள்.

நிப்பிளில் கிரீஸ் ஏறவே இல்லை. பக்கவாட்டில் பிதுங்குகிறது.

முதலில் கன்னின் வாய் நேராக உட்கார்ந்ததா என்று பாருங்கள். அடுத்து நிப்பிள் உச்சியில் இருக்கும் குண்டை ஊசியால் அழுத்திப் பாருங்கள். உள்ளே போய் வர வேண்டும். சிக்கியிருந்தால் நிப்பிளைக் கழற்றி டீசலில் ஊற வைக்கலாம், ஆனால் புது நிப்பிள் ஒரு டீயின் விலைகூட இருக்காது, மாற்றிவிடுவேன். ஜப்பான் வண்டியில் மில்லிமீட்டர் மரை, வில்லிஸில் அங்குல மரை. பழசைக் கடைக்குக் கையோடு கொண்டு போங்கள். ஒன்றை இன்னொன்றில் முறுக்கினால் கிராஸின் மரை போய்விடும்.

என்ன சத்தம் வந்தால் என்ன அர்த்தம்?

மெதுவாகப் போகும்போது சிட்டுக்குருவி மாதிரி 'கீச் கீச்' என்று வந்து, வேகத்தோடு சேர்ந்து வேகமாகிறதா? கிராஸ் காய்ந்திருக்கிறது. சுவர் ஓரமாக, கண்ணாடியை இறக்கி, ஒன்றாம் கியரில் ஓட்டினால் நன்றாகக் கேட்கும். உடனே அடித்தால் பிழைக்கலாம்.

முன்னே பின்னே கியர் மாற்றும்போது 'டங்' என்றால் கிராஸில் ஆட்டம் விழுந்திருக்கலாம். ஹேண்ட்பிரேக்கோடு நிறுத்தி, ஷாஃப்ட்டை இரண்டு கையாலும் பிடித்து முறுக்கிப் பாருங்கள். யோக்குக்கும் கிராஸுக்கும் நடுவில் கண்ணுக்கு அசைவு தெரிந்தால் கிரீஸ் இனி மருந்தல்ல. மூடி ஓரத்தில் சிவப்புப் பொடி இருந்தாலும் அப்படியே. எதிலும் அசைவில்லை, ஆனாலும் 'டங்' என்றால் டிஃபரன்ஷியலைப் பார்க்கச் சொல்லுங்கள்.

சிக்னலில் நின்று ஒரு விநாடி கழித்து பின்னாலிருந்து யாரோ லேசாக முட்டியது போல இருக்கிறதா? டொயோட்டாக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த முட்டல் இது. பின்னால் திரும்பிப் பார்த்தால் யாரும் இருக்க மாட்டார்கள். ஸ்லிப் யோக் காய்ந்திருக்கும். இரண்டு அமுக்கு மோலி கிரீஸ், பெரும்பாலும் அதோடு தீர்ந்துவிடும்.

ஷாஃப்ட்டைக் கழற்றினால் எதைக் கவனிக்க வேண்டும்?

கழற்றுவதற்கு முன் பெயின்ட்டால் கோடு போடுங்கள்: ஃபிளாஞ்சுக்கும் ஷாஃப்ட்டுக்கும் குறுக்கே ஒன்று, ஸ்லிப் யோக்கின் இரண்டு பாதிக்கும் குறுக்கே ஒன்று. ஒரு பல் மாறிப் பூட்டினாலும் ஐம்பது அறுபதில் வண்டி நடுங்கும். இரண்டு முனை யோக்கும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும் என்று சொல்வார்கள். பின் ஷாஃப்ட்டுக்கு அது சரி. முன் ஷாஃப்ட்டை வேண்டுமென்றே மாற்றிப் பூட்டி அனுப்பிய மாடல்களும் உண்டு. அதனால் உங்கள் கோட்டை நம்புங்கள், கேட்ட விதியை அல்ல.

முன் சக்கரத்துக்குப் போகும் ரப்பர் பூட்டுக்குள்ளும் கன்னால் அடிக்கலாமா?

அது வேறு ஜாயின்ட். பூட்டுக்குள் ஆயுளுக்கும் போட்டு மூடியது. ஊசி முனையால் பூட்டைக் குத்தி அடித்துக் கொடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தத் துளை வழியே மறுநாள் சேறு போகும். சக்கரத்தின் உட்புறம் கறுப்புக் கிரீஸ் தெறித்திருந்தால் பூட் கிழிந்துவிட்டது, மாற்றுங்கள்.

பிரஷர் தண்ணீரில் அடிப்பக்கம் கழுவலாமா?

சேஸிஸைக் கழுவுங்கள். கிராஸ் மூடியையும் யோக் சீலையும் நேராகக் குறி வைத்து அடிக்க விடாதீர்கள். கழுவும் பையனுக்கு அங்கேதான் அழுக்கு தெரியும், அங்கேதான் அடிப்பான். நான் குடையோடு பக்கத்தில் நின்றுகொள்வேன்.

இதெல்லாம் எதற்கு, சயாவிடம் (பட்டறை மெக்கானிக்கை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்) விட்டால் போதாதா?

கை தேர்ந்த சயாக்கள் இங்கே நிறைய. கிராஸ் மாற்ற நானும் அவர்களிடம்தான் போகிறேன். மூடியை அமுக்கி ஏற்றும்போது ஒரு ஊசி சாய்ந்தாலும் எல்லாம் வீண், அதற்குப் பழகிய கை வேண்டும். ஆனால் கிரீஸ் அடிப்பதற்கு வேண்டியது திறமையை விடப் பொறுமை. பத்து வண்டி வரிசையில் நிற்கும்போது உங்கள் நாலாவது மூடிக்காக யாரும் கால் மணி நேரம் மல்லாந்து படுத்திருக்க மாட்டார்கள். பீலிக்கான் தீமிதிக்கு உறவுக்காரர்களையெல்லாம் ஏற்றிக்கொண்டு முந்நூறு கிலோமீட்டர் போகப் போவது நீங்கள்தான்.

பட்டறையில்தான் விடுவேன் என்றால் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்காருங்கள். 'சயா, அந்தப் பக்கத்து மூடியிலும் வந்துச்சா?' என்று ஒரு வார்த்தை கேளுங்கள். முதலில் முறைப்பார். இரண்டாம் தடவை அவரே டார்ச் அடித்துக் காட்டுவார்.

கையில் ஒட்டிய கிரீஸ் எப்படிப் போகும்?

தேங்காயெண்ணெயும் ஒரு கரண்டி சர்க்கரையும் போட்டுக் காய்ந்த கையிலேயே தேயுங்கள், பிறகு பாத்திரம் கழுவும் சோப். தண்ணீரை முதலில் தொட்டால் அது தோலில் பரவும். கைலியில் பட்டது போகாது. அதற்கென்று ஒரு பழசை ஒதுக்கி, வீட்டில் சொல்லி வையுங்கள், இல்லாவிட்டால் துவைக்கிற மற்ற துணிகளோடு சேர்ந்துவிடும்.